கதையின் உரிமையும் கதையின் முடிவும்: சோனிக் சித்திரக்கதைத் தொடர் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தொடர்கதை என்பது எழுதுவோனுக்கும் படிப்போனுக்கும் இடையே எழுதப்படாது நிலவும் ஓர் உடன்பாட்டின்மேல் நிற்பது. இன்று இடப்பட்ட முடிச்சு என்றோ ஒருநாள் அவிழ்க்கப்படும் என்ற நம்பிக்கையிலேயே வாசகன் அடுத்த இதழுக்காகக் காத்திருக்கிறான். அவ்வுடன்பாடு முறிவதற்குப் பொதுவாக இரு காரணங்கள் கூறப்படுவதுண்டு. ஒன்று ஆசிரியரின் மறைவு. மற்றையது விற்பனையின் வீழ்ச்சி. இவ்விரண்டினையும் வாசகன் புரிந்துகொள்வான், வருந்தினும் ஏற்றுக்கொள்வான்.

ஆயின் மூன்றாவது காரணமொன்றும் உண்டு. ஆசிரியர் உயிரோடிருக்க, இதழும் மாதந்தோறும் வெளிவந்துகொண்டிருக்க, கதை மாத்திரம் நடுவழியில் அறுந்துபோகலாம். கதையின் உறுப்புக்கள் யாருக்குரியன என்ற வினாவுக்கு விடையில்லாதபோது அவ்வாறு நிகழ்கிறது. ஐக்கிய அமெரிக்காவில் ஆர்ச்சி கொமிக்ஸ் நிறுவனம் வெளியிட்டு வந்த ‘சோனிக் த ஹெட்ஜ்ஹொக்’ என்னும் சித்திரக்கதைத் தொடர் 2013ஆம் ஆண்டில் இத்தகையதொரு முறிவைச் சந்தித்தது. சிறுவர்க்கான கேளிக்கை இதழொன்றின் வரலாறு பல்கலைக்கழக ஆய்வுக்கு உரியதுதானா எனச் சிலர் ஐயுறக்கூடும். எனினும் படைப்பு, கூலி, உடைமை ஆகிய மூன்றுக்குமிடையே உள்ள உறவு, உயர்ந்த இலக்கியம் எனப்படுவதைக் காட்டிலும் இத்தகைய வெகுசன ஆக்கங்களிலேயே மறைப்பின்றி வெளிப்படுகிறது என்பது மனங்கொள்ளத்தக்கது.

1. உற்பத்தி முறையும் உரிமையும்

அமெரிக்கச் சித்திரக்கதை இதழ்கள் 1930களில் ஒரு தொழிலாக உருப்பெற்றன. கதையை ஒருவர் எழுதுவார். பென்சிலால் ஒருவர் வரைவார். மையிட்டு நிறைவுசெய்பவர் இன்னொருவர். எழுத்துப் பொறிப்பவரும் வண்ணம் தீட்டுபவரும் வேறு வேறு ஆட்கள். பக்கமொன்றுக்கு இவ்வளவு எனக் கூலி வழங்கப்பட்டது. நெசவாலையிலோ அச்சுக்கூடத்திலோ காணப்படும் வேலைப் பிரிவினையே இங்கும் நிலவியது. அவ்வாறிருக்கையில், ஆலையிற் செய்த துணி ஆலை முதலாளிக்கு உரியதாதல் போல, இதழிற் பிறந்த பாத்திரமும் இதழ் முதலாளிக்கே உரியது என்ற எண்ணம் இயல்பாகவே வேரூன்றிற்று.

இதற்கு முதற் சான்றாக எப்போதும் எடுத்துக்காட்டப்படுவது சுப்பர்மன் பாத்திரமாகும். அதனை ஆக்கிய ஜெரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்னும் இளைஞர் இருவரும் 1938ஆம் ஆண்டில் 130 டொலருக்கு அதன் உரிமை முழுவதையும் பதிப்பாளருக்கு விற்றனர். அப்பாத்திரம் ஈட்டிய பெருஞ்செல்வத்தில் அவர்களுக்குப் பங்கிருக்கவில்லை. பல்லாண்டுகால வழக்குகளின் பின்னர், பொதுமக்களின் அனுதாபம் திரண்ட நிலையில், 1975ஆம் ஆண்டிலேயே வோர்னர் நிறுவனம் அவ்விருவருக்கும் ஆண்டொன்றுக்கு 20,000 டொலர் வழங்கவும், ஆக்கியோர் எனப் பெயர் குறிக்கவும் இணங்கியது.

சுப்பர்மன் விடயத்தில் ஒரு விற்பனை எழுத்திலே நிகழ்ந்தது. பிற்காலத்தில் பல பதிப்பகங்கள் அந்த அளவு முறைமையைக்கூடப் பின்பற்றவில்லை. கூலிக்கான காசோலையின் பின்புறத்தில், இதனைப் பெற்றுக்கொள்பவர் தமது உரிமைகளை ஒப்படைக்கிறார் என்னும் பொருள்பட ஒரு வாசகம் அச்சிடப்பட்டிருக்கும். காசோலையை மாற்றுவதற்காக இடும் கையெழுத்தே உரிமையையும் மாற்றிவிடுவதாகக் கொள்ளப்பட்டது. வேலை நாட்பட்ட பழக்கத்தின்மேல் நடந்தது, பத்திரங்களின்மேல் நடக்கவில்லை.

இப்பழக்கத்தினை 1976ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் உலுக்கியது. 1978 சனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின்படி, ஓர் ஆக்கம் கூலிக்குச் செய்யப்பட்டது எனக் கருதப்பட்டு அதன் உரிமை தொடக்கத்திலேயே செய்வித்தவரைச் சேர்வதற்கு இரு வழிகளே உண்டு. ஆக்கியவர் முறையான ஊழியராக இருந்து, தம் பணியின் எல்லைக்குள் அதனைச் செய்திருத்தல் வேண்டும். அவ்வாறன்றி வெளியார் ஒருவரிடம் கேட்டுச் செய்விக்கப்பட்டதாயின், அது சட்டம் குறிப்பிடும் ஒன்பது வகைகளுள் ஒன்றில் அடங்குவதோடு, இரு திறத்தாரும் கையொப்பமிட்ட எழுத்து மூலமான உடன்படிக்கையும் இருத்தல் வேண்டும். இவ்விரண்டும் இல்லாதவிடத்து உரிமை ஆக்கியவரிடமே தங்கும். பின்னர் அதனை முற்றாக வேறொருவருக்கு மாற்றுவதாயினும் அதற்கும் கையொப்பமிட்ட பத்திரம் தேவை.

ஊழியர் என்பவர் யார் என்ற ஐயத்தையும் அமெரிக்க உயர் நீதிமன்றம் 1989இல் நீக்கியது. வீடற்றோருக்காகப் பாடுபட்ட அமைப்பொன்று சிற்பி ஒருவரைக் கொண்டு செய்வித்த சிலை தொடர்பான வழக்கு அது. தமது சொந்தக் கருவிகளைக் கொண்டு, தமது சொந்தக் கூடத்தில், தமக்கேற்ற நேரத்தில் வேலைசெய்யும் ஒருவர், செய்விப்பவர் இடையிடையே யோசனை கூறினார் என்பதற்காக ஊழியராகிவிடமாட்டார் என்பது அத்தீர்ப்பின் சாரம். வீட்டிலிருந்தபடியே கதை எழுதி அனுப்பும் சித்திரக்கதை ஆசிரியர்களின் நிலைக்கு இது பெரிதும் பொருந்துவதாகும்.

ஆகவே, 1990களில் ஒரு பதிப்பகம் தனது இதழில் வெளிவரும் கதையின் உரிமை தனதே எனக் கூறவேண்டுமாயின், கையொப்பமிட்ட தாளொன்று அதன் பெட்டகத்தில் இருந்தேயாதல் வேண்டும். பழைய பழக்கமும் புதிய சட்டமும் ஒன்றையொன்று சந்திக்காமலே அருகருகே நடந்த காலம் அது.

2. உரிமம் பெற்ற கதையின் இயல்பு

சோனிக் என்னும் நீலநிற முள்ளெலி யப்பானிய நிறுவனமான செகா 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட வீடியோ விளையாட்டில் பிறந்தது. அவ்விளையாட்டில் கதை என்று சொல்லத்தக்கது மிகச் சிறிது. விலங்குகளைச் சிறைப்பிடித்து இயந்திரங்களாக்கும் ஒரு தீய விஞ்ஞானியை முள்ளெலி விரைந்தோடி வெல்கிறது என்பதே அதன் உள்ளடக்கம். விளையாடுபவருக்கு அது போதும். மாதந்தோறும் இதழொன்றை நிரப்புவதற்கு அது போதாது.

ஆர்ச்சி நிறுவனம் செகாவிடம் உரிமம் பெற்று, முதலில் ஒரு குறுந்தொடரையும் 1993ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து மாதத் தொடரையும் வெளியிட்டது. அதே ஆண்டில் தொலைக்காட்சியிலும் சோனிக் கேலிச்சித்திரத் தொடர் ஒளிபரப்பாகியது. சலி என்னும் இளவரசி, அன்ரூவான் என்னும் வீரன் முதலிய பாத்திரங்கள் அத்தொலைக்காட்சி வழியாகவே சித்திரக்கதையில் நிலைபெற்றன. இவ்வாறு, கதை தொடங்கிய காலத்திலேயே அதில் விளையாட்டு நிறுவனம், தொலைக்காட்சித் தயாரிப்பாளர், பதிப்பகம் எனப் பலரது கைகள் கலந்திருந்தன.

கென் பெண்டர்ஸ் என்பவர் 1994ஆம் ஆண்டில் 11ஆம் இதழோடு இத்தொடரில் இணைந்தார். எழுதவும் வரையவும் வல்லவர் அவர். அதே ஆண்டு வெளிவந்த மூன்றாவது சோனிக் விளையாட்டில் நக்கிள்ஸ் என்னும் புதிய பாத்திரம் தோன்றியிருந்தது. மிதக்கும் தீவொன்றில் பெருமணியொன்றைத் தனியனாகக் காத்துநிற்கும் எக்கிட்னா, அதாவது முள் எறும்புண்ணி, அது. அதன் இனம் அழிந்தது ஏன், காவல் அதன்மேல் விழுந்தது எவ்வாறு என்பனவற்றை விளையாட்டு விரித்துரைக்கவில்லை. அவ்வெற்றிடத்தைப் பெண்டர்ஸ் நிரப்பினார். நக்கிள்ஸுக்கு லொக் என்னும் தந்தையையும், தலைமுறை தலைமுறையாக வந்த காவலர் மரபொன்றையும், அம்மரபிலிருந்து பிரிந்து பகையான இருட்படையையும், ஜூலி-சு என்னும் காதலியையும் அவர் படைத்தார். நக்கிள்ஸுக்கெனத் தனியாக வெளிவந்த தொடர் 32 இதழ்கள் வரை நீண்டது. தந்தையர் தம் கொள்கைக்காகப் புதல்வரைத் தனிமையில் விடுதல் நீதியா என்ற வினா அக்கதைகளில் மீண்டும் மீண்டும் எழுகிறது. முள்ளெலி ஓட்டத்தைக் காண வந்த சிறுவர் ஒரு குலத்தின் வரலாற்றைப் படிக்கலாயினர்.

பின்னர், ‘மொபியஸ்: 25 ஆண்டுகளின் பின்’ என்னும் கதையில் நக்கிள்ஸ் ஒரு குடும்பத் தலைவனாகவும், லாரா-சு என்னும் மகளின் தந்தையாகவும் காட்டப்பட்டான். இக்கதையின் முடிச்சுக்கள் முற்றாக அவிழ்க்கப்படுமுன்னரே, 159ஆம் இதழோடு 2006ஆம் ஆண்டில் பெண்டர்ஸ் தொடரைவிட்டு நீங்கினார். 160ஆம் இதழிலிருந்து பொறுப்பேற்ற இயன் ஃபிளின், முந்தியோர் விட்டுச்சென்ற இழைகளை ஒவ்வொன்றாக எடுத்து முடிக்க முயன்றார். பெண்டர்ஸ் நிறுத்திய எதிர்காலக் கதைக்கும், ‘30 ஆண்டுகளின் பின்’ எனப் பெயரிட்டு, 2009ஆம் ஆண்டில் அவரே ஒரு தொடர்ச்சி எழுதினார். உரிமை யாருடையது என எவரும் கேளாதவரை கதை ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்குத் தடையின்றிச் சென்றமைக்கு இது சான்றாகும். 2008ஆம் ஆண்டில், வீடியோ விளையாட்டை அடிப்படையாகக் கொண்ட சித்திரக்கதைகளுள் மிக நீண்டகாலம் வெளிவருவது என கின்னஸ் சாதனை நூலும் இத்தொடரை ஏற்றுக்கொண்டது.

3. காணாமற்போன தாள்

பிணக்கு வெளிப்பட்டது ஒரு விளையாட்டினால். 2008ஆம் ஆண்டில் பயோவெயர் நிறுவனம் செகாவுக்காக ‘சோனிக் குறோனிக்கிள்ஸ்: த டார்க் பிறதர்ஹுட்’ என்னும் விளையாட்டை ஆக்கியது. அதில் வேற்றுலகிற் சிறைப்பட்டிருந்த எக்கிட்னாப் படையொன்றும், அப்படையை விட்டு நீங்கி நாயகர்களோடு சேரும் ஒரு பெண்ணும் இடம்பெற்றனர். இவை தமது இருட்படையையும் ஜூலி-சுவையும் ஒத்திருப்பதாகப் பெண்டர்ஸ் கருதினார். 2009ஆம் ஆண்டளவில் அவர் தாம் எழுதிய கதைகளையும் ஆக்கிய பாத்திரங்களையும் பதிப்புரிமை அலுவலகத்தில் தமது பெயரிற் பதிவுசெய்யத் தொடங்கினார்.

2010 நொவெம்பரில் ஆர்ச்சி நிறுவனம் நியூயோர்க்கிலுள்ள சமஷ்டி மாவட்ட நீதிமன்றத்தில் அவருக்கெதிராக வழக்குத் தொடர்ந்தது. அவர் எழுதியவை யாவும் கூலிக்குச் செய்யப்பட்டவை, எனவே அவரது பதிவுகள் செல்லா என்பது நிறுவனத்தின் வாதம். சட்டம் வேண்டும் பத்திரம் எங்கே என்பது பெண்டர்ஸின் வினா. நிறுவனத்தால் மூலப்பத்திரத்தை முன்வைக்க முடியவில்லை. அதன் பிரதி எனக் காட்டப்பட்டதன் மெய்ம்மையைப் பெண்டர்ஸ் மறுத்தார். பன்னிரண்டு ஆண்டுகால உழைப்பும், நூற்றுக்கு மேற்பட்ட இதழ்களும், அவற்றின்மேற் கட்டப்பட்ட பிற்காலக் கதைகளும் ஒரு தாளின் இருப்பிலும் இன்மையிலும் தங்கிநின்றன.

2011இல் பெண்டர்ஸ் தம் பங்குக்குச் செகாவுக்கும், பயோவெயரின் உரிமையாளராகியிருந்த இலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் நிறுவனத்துக்கும் எதிராகக் கலிபோர்னியாவில் வழக்கிட்டார், அவ்வழக்கு தள்ளுபடியாயிற்று. நியூயோர்க் வழக்கோ தீர்ப்புவரை செல்லவில்லை. 2013ஆம் ஆண்டில் இரு திறத்தாரும் இணக்கத்துக்கு வந்தனர். இணக்கத்தின் நிபந்தனைகள் பகிரங்கப்படுத்தப்படவில்லை. பெண்டர்ஸின் பதிவுகள் அவர் பெயரிலேயே நிலைத்தன.

இங்கு ஒரு சட்ட நுணுக்கத்தைத் தெளிவாக்குதல் அவசியமாகும். ஒருவருடைய ஆக்கத்தின்மேல் மற்றொருவர் அனுமதியோடு கட்டியெழுப்பும் ஆக்கத்தில், பின்னவருக்குரியது அவர் புதிதாகச் சேர்த்த பகுதி மாத்திரமே. சோனிக்கும் நக்கிள்ஸும் எந்நிலையிலும் செகாவுக்கு உரியவர்கள். நக்கிள்ஸின் மகள் பெண்டர்ஸுக்கு உரியவள் எனக் கொண்டாலும், தந்தை அவருக்கு உரியவன் அல்லன். செகாவிடம் தந்தை உண்டு, மகள் இல்லை; பெண்டர்ஸிடம் மகள் உண்டு, தந்தை இல்லை. இருவரையும் ஒரே பக்கத்தில் வரையத்தக்கவர் எவருமில்லை என்ற நிலை இவ்வாறு தோன்றியது. நிலத்தைப் பங்கிடுவோர் எல்லைக்கல் நட்டுப் பிரித்துக்கொள்ளலாம். இரு பங்கும் விளையும். கதையைப் பங்கிட்டாலோ எப்பங்கும் விளைவதில்லை.

4. முறிவு நிகழ்ந்த விதம்

வழக்கு நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் ஃபிளினின் கதை மிகச் செறிவான கட்டத்தை அடைந்திருந்தது. உலகைக் காக்க முனைந்த சலி இளவரசி தன்னையே இழந்து பகைவனின் இயந்திரமாக மாறியிருந்தாள். அன்ரூவான் படுகாயமுற்று உணர்விழந்து கிடந்தான். நண்பர்கள் பிரிந்து இரு குழுக்களாயினர். இவை யாவும் நீண்டகால நோக்கோடு இடப்பட்ட முடிச்சுக்கள்.

243ஆம் இதழில் ‘அருகிவரும் இனம்’ என்ற பொருள்படும் தலைப்போடு எக்கிட்னாக்கள் பற்றிய பெருங்கதையொன்று தொடங்கியது. 246ஆம் இதழில் அது முடிந்தபோது, பல தலைமுறை வரலாறு கொண்ட அவ்வினம் ஏறத்தாழ முழுவதும் வேறொரு வெளிக்குள் எறியப்பட்டிருந்தது. அவர்கள் மீட்கப்படவில்லை, அவர்களைப் பற்றிய பேச்சும் பின்னர் எழவில்லை. விளையாட்டில் இருந்தவாறே நக்கிள்ஸ் மீண்டும் தனியனானான். ஓர் இனத்தின் ஒழிவு இங்கு கதைத் தேவையினால் நிகழ்ந்ததா, உரிமைத் தேவையினால் நிகழ்ந்ததா என்று வாசகர் ஐயுற்றமை வியப்பன்று.

247ஆம் இதழுடன் பழைய கதை நின்றது. 2013ஆம் ஆண்டில் ஆர்ச்சி நிறுவனம் அதே காலத்தில் வெளியிட்டுவந்த மெகா மான் தொடரையும் சோனிக் தொடரையும் இணைத்துப் பன்னிரண்டு பகுதிகளைக் கொண்ட பெருங்கதையொன்று வெளிவந்தது. அதில் இரு தீய விஞ்ஞானிகள் கூடி இரு உலகங்களையும் தம் விருப்பப்படி மாற்றி எழுதுகின்றனர். இறுதியில் மெகா மான் தன் உலகை முன்பிருந்தவாறே மீட்டுக்கொள்கிறான். சோனிக் தன் உலகை மீட்க முற்படும் தருணத்தில் பகைவன் குறுக்கிடுகிறான்; உலகம் பழையபடி திரும்பவில்லை. 252ஆம் இதழிலிருந்து எல்லாம் புதிதாகத் தொடங்கியது. சலி இயந்திரமாக இல்லை. அன்ரூவான் நலமாக இருந்தான். பழைய ஆசிரியர்களின் பாத்திரங்கள் பெரும்பாலும் பிறந்தேயிராதவர்போல ஆயினர். முன்னை உலகை நினைவிற்கொண்ட சோனிக் சிறிதுகாலம் அதனை எண்ணி வருந்தினான்.

நீதிமன்றத்துக்கு வெளியே முடிந்த விவகாரமொன்று கதைக்குள்ளே ஒரு பேரழிவாக மொழிபெயர்க்கப்பட்டமை இங்கு கவனிக்கத்தக்கது. கட்டாயத்தையே கதையாக்கிய ஃபிளினின் திறமை பாராட்டுக்குரியது. ஆயினும், வழக்கில் திறத்தவராக இல்லாத அவரே தமது ஏழாண்டு உழைப்பின் பயனை இழந்தார் என்பதும் மறக்கலாகாது. முடிச்சுக்கள் அவிழ்க்கப்படவில்லை, கயிறே மாற்றப்பட்டது.

புதிய கதையும் நெடுநாள் நிலைக்கவில்லை. மெகா மான் தொடர் 2015ஆம் ஆண்டின் முடிவில் 55ஆம் இதழோடு, முடிச்சுக்கள் எஞ்சியிருக்க, நின்றது. சோனிக் தொடரின் 290ஆம் இதழுக்குப் பின்னர் புதிய இதழ் எதுவும் வரவில்லை; 2017 யூலையில் செகாவுக்கும் ஆர்ச்சிக்கும் இடையிலான உறவு முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஐடிடபிள்யூ என்னும் வேறொரு பதிப்பகம் உரிமம் பெற்றுப் புதிய தொடரைத் தொடங்கியது. எழுதியவர் அதே ஃபிளின்; ஆயினும் ஆர்ச்சி இதழ்களுக்கென ஆக்கப்பட்ட பாத்திரங்கள் அதிலும் இல்லை. ஆக, ஒரே எழுத்தாளர் ஐந்தாண்டுக்குள் இருமுறை தம் கதையுலகை இழந்து புதிதாகத் தொடங்க நேர்ந்தது. முதல் முறிவுக்கு வழக்குக் காரணமாயிற்று. இரண்டாவதற்கு உரிமத்தின் கைமாற்றமே காரணம். எனவே பிணக்கு இல்லாதவிடத்தும் இத்தகைய கதை நிலையற்றதே என்ற உண்மையினை இரண்டாவது முறிவு உணர்த்துகிறது.

வழக்குக்குக் காரணமான விளையாட்டின் கதையும் இத்தகையதே. ‘சோனிக் குறோனிக்கிள்ஸ்’ பெரும் முடிச்சொன்றோடு முடிகிறது. அதற்குத் தொடர்ச்சி வெளிவரவில்லை. பெண்டர்ஸோ லாரா-சுவை நாயகியாகக் கொண்ட சொந்த நூல்வரிசையொன்றினை அறிவித்து, பல்லாண்டுத் தாமதத்தின் பின்னர் அதன் பகுதிகளை வெளியிட்டார். நக்கிள்ஸை அவர் பயன்படுத்த இயலாது; ஆகையால் பாத்திரங்கள் உருவம் மாறித் தோன்றின. 25 ஆண்டுகளின் பின் என்ன நிகழ்ந்தது என்பதை அறியக் காத்திருந்த வாசகன் அந்நூலில் வேறொரு தந்தையையே காண்கிறான்.

5. பொறுப்பு யாருடையது?

இம்முறிவு பற்றி இருவேறு கருத்துக்கள் வழங்குகின்றன. பெண்டர்ஸின் பேராசையே தொடரைச் சிதைத்தது என்பது ஒன்று. வாசகர் பலர் இதனையே கூறினர். எழுத்தாளரின் உழைப்பைச் சுரண்டிய நிறுவனம் தான் விதைத்ததை அறுத்தது என்பது மற்றையது. இரண்டும் ஒவ்வோரளவு உண்மையைத் தொட்டுநிற்கின்றன; இரண்டும் முழுமையானவையல்ல.

முதலாவது கருத்தை எடுத்துக்கொண்டால், சட்டம் ஒருவருக்கு அளிக்கும் உரிமையை அவர் கோருவது குற்றமாகாது. ஆயிரக்கணக்கான பக்கங்களை எழுதியவரின் ஆக்கம் பெரும் விளையாட்டொன்றிற் பயன்பட்டதாக அவர் நம்புமிடத்து, கூலி பெற்றுக்கொண்டாயே, வாயைமூடு என அவரிடம் கூறுவது சீகலுக்கும் ஷூஸ்டருக்கும் கூறப்பட்டதையே மீளவும் கூறுவதாகும். அதே வேளையில் அவரது கோரிக்கையிலும் ஒரு குறை உண்டு. அவரது உலகம் தனியொருவர் நட்ட தோட்டமன்று. செகாவின் நாயகன், தொலைக்காட்சியின் இளவரசி, உடனுழைத்த ஓவியர்கள், முந்திய ஆசிரியர்கள் ஆகியோரின் ஆக்கங்களோடு அது பின்னிப் பிணைந்திருந்தது. தமக்குப்பின் வந்தவர் தமது கதையைத் தொடரக்கூடாது என்னும் வாதத்தை அவருக்கு முன் வந்தவர்களும் முன்வைத்திருந்தால், அவர் எழுதத் தொடங்கியே இருக்கமுடியாது.

நிறுவனத்தின் பொறுப்போ பெரிது. ஏனெனில் அது முன்னெச்சரிக்கை பெறாத நிறுவனமன்று. அந்நிறுவனத்துக்காகப் பல பத்தாண்டுகள் வரைந்த டான் டிகார்லோ என்னும் ஓவியர், தம் மனைவியின் பெயரால் தாம் ஆக்கிய ஜோசி என்னும் பாத்திரத்தின் உரிமையைக் கோரி 2000ஆம் ஆண்டில் வழக்கிட்டார். நிறுவனம் அவரை வேலையிலிருந்து நீக்கியது. 2001ஆம் ஆண்டில் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. அவ்வாண்டு டிசெம்பரில் டிகார்லோ காலமானார். வென்ற நிறுவனம் அவ்வெற்றியிலிருந்து பாடம் கற்றிருக்கவேண்டும். பாத்திரங்களின் உரிமை பற்றிய வினா மீண்டும் எழும் என்பதை உணர்ந்து, அப்போதும் எழுதிக்கொண்டிருந்த பெண்டர்ஸ் முதலியோரோடு தெளிவான உடன்படிக்கைகளைச் செய்து, அவற்றைப் பேணியிருக்கலாம். எழுத்தாளருக்கு ஒரு நியாயமான பங்கை வழங்கியிருந்தால் அவர் கையொப்பமிட மறுத்திருப்பார் எனக் கொள்ளக் காரணமில்லை. ஏனைய பதிப்பகங்கள் பாத்திரங்களின் வருவாயில் ஆக்கியோருக்குப் பங்களிக்கும் முறையை 1980களிலேயே கைக்கொள்ளத் தொடங்கியிருந்தன. 1992ஆம் ஆண்டில் இமேஜ் கொமிக்ஸ் என்னும் நிறுவனம், உரிமை ஆக்கியோருக்கே என்ற கொள்கையோடு ஓவியர்களாலேயே நிறுவப்பட்டிருந்தது. மாற்று வழி அறியப்படாததன்று, தேடப்படாததே.

எழுத்து மூலமான உடன்படிக்கை முதலாளியின் ஆயுதம் எனவே பொதுவாகக் கருதப்படுகிறது. இவ்வரலாறு அதன் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. உடன்படிக்கை இல்லாமை பெண்டர்ஸுக்கு உரிமையைத் தந்தது. ஆனால் அவ்வுரிமையால் தம் கதையை அவர் விரும்பியவாறு முடிக்க இயலவில்லை. உடன்படிக்கை இல்லாமை நிறுவனத்துக்கு எழுத்தாளரின் பங்கை மிச்சப்படுத்தியது. ஆனால் இருபது ஆண்டுக் கதைமரபை அது இழந்தது. பழக்கத்தின் நெகிழ்ச்சி இருதிறத்தாருக்கும் வசதியாக இருந்தவரை எவரும் அதனை மாற்ற விரும்பவில்லை. வசதி முடிந்த நாளில் விலை கொடுத்தவர்கள் அவ்விரு திறத்திலும் சேராத மூன்றாமவர்: பின்வந்த எழுத்தாளரும், காத்திருந்த வாசகரும்.

6. நிறைவாக

பதிப்புரிமைச் சட்டம் ஆக்கத்தை ஓர் உடைமையாகக் காண்கிறது. உடைமை என்பது விற்கவும் பிரிக்கவும் மாற்றவும் தக்கது. கதையோ உறவுகளால் ஆனது. தந்தையின்றி மகளில்லை, பகைவனின்றி வீரனில்லை, முன்னை இதழின்றிப் பின்னை இதழில்லை. பிரிக்கத்தக்க ஒன்றினைப் பற்றிய விதிகள், பிரிக்கவியலாத ஒன்றின்மேற் செலுத்தப்படும்போது நேரும் முரண்பாடே சோனிக் தொடரின் முறிவில் வெளிப்படுகிறது. பலர் கூடி, பிறர் பாத்திரங்களைக்கொண்டு, கூலிக்கு ஆக்கும் கதைகள் பெருகிவரும் காலத்தில் இது ஒரு தனி இதழின் சிக்கலாக நின்றுவிடாது.

இதற்குத் தீர்வு ஆக்கியோரின் உரிமையை மறுப்பதாகாது. அவ்வுரிமை 1938ஆம் ஆண்டிலிருந்து அரும்பாடுபட்டுப் பெறப்பட்டது. தொடக்கத்திலேயே மூன்று விடயங்கள் எழுத்தில் அமைதல் வேண்டும்: பாத்திரம் யாருடையது, அதன் வருவாயில் யாருக்கு என்ன பங்கு, எழுத்தாளரோ பதிப்பாளரோ உரிமம் பெற்றவரோ விலகும்போது தொடங்கிய கதையை முடிக்கும் உரிமை யாருக்கு உண்டு என்பன அவை. முதலிரண்டும் ஓரளவுக்கேனும் இன்று பேசப்படுகின்றன. மூன்றாவதைக் கேட்பதற்கு உடன்படிக்கை மேசையில் எவரும் அமர்ந்திருப்பதில்லை. ஏனெனில் அது வாசகனின் வினா. எக்கிட்னாக்கள் எங்கே சென்றார்கள் என்பதை அறியாமலே ஒரு தலைமுறை வாசகர்கள் வளர்ந்து பெரியவராகிவிட்டனர். அவர்களுக்குச் சொல்லப்படாத விடை எந்த நீதிமன்றத்தின் ஏட்டிலும் இழப்பாகப் பதியப்படவில்லை.